மின்தூண்டலும் தசை ரத்த ஓட்டமும்: நிமிடக் கணக்கு வேறு, வாரக் கணக்கு வேறு

தசையில் பட்டை ஒட்டி மின்துடிப்பு கொடுக்கும் கருவிகள் இப்போது மருந்துக் கடைகளிலேயே கிடைக்கின்றன. பெட்டியின் மேல் "ரத்த ஓட்டத்தை அதிகரிக்கும்" என்று அச்சிட்டிருக்கும். அது பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு வரிக்குள் இரண்டு வேறு வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, கருவி ஓடும்போது கூடி, நிறுத்திய சில நிமிடங்களில் வடிந்துவிடும் ஓட்டம். மற்றொன்று, நாள்தோறும் பல வாரங்கள் தூண்டிய பிறகு தசைக்குள் புதிதாக முளைத்திருக்கும் ரத்தக் குழாய்கள். முதலாவது குழாயைத் திறந்துவிடுவது, இரண்டாவது புதிதாகக் குழாய் பதிப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் எத்தனை ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை துடிப்பு), எத்தனை மணி நேரம், எத்தனை வாரம் என்ற எந்தக் கேள்விக்கும் சரியான பதில் கிடைக்காது.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவோம். 70 கிலோ எடையுள்ள ஆளின் உடலில் ஏறக்குறைய 28 கிலோ எலும்புத்தசை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது 100 கிராம் தசைக்கு நிமிடத்துக்கு 3 மில்லிலிட்டர் அளவில்தான் ரத்தம் போகும். மொத்தமாகக் கணக்கிட்டால் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு; இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் 5 லிட்டரில் இது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதே தசை முழு மூச்சாக வேலை செய்தால்? ஒற்றைக் காலை நீட்டி மடக்கும் பயிற்சியில், தொடையின் முன்தசையில் 100 கிராமுக்கு நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் வரை அளந்திருக்கிறார்கள். உடலின் எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் இப்படிக் கேட்டால் 70 லிட்டர் வேண்டும். சாதாரண ஆளின் இதயம் 20, 25 லிட்டரைத் தாண்டாது. ஆகவே தசைக்கு ரத்தம் போகாமல் இருப்பது குழாய் இல்லாததால் அல்ல. பெரும்பாலான நேரம் வால்வுகள் மூடியே வைக்கப்பட்டிருப்பதால்.

அந்த வால்வுகள் நுண்தமனிகள். அவற்றின் சுவரில் உள்ள மென்தசை இறுகினால் ஓட்டம் குறையும், தளர்ந்தால் கூடும். குழாய்க்குள் ஓடும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், நுண்தமனி 10 சதவீதம் விரிந்தாலே ஓட்டம் 46 சதவீதம் கூடிவிடும். சின்ன அசைவுக்குப் பெரிய விளைவு.

கருவி ஓடும் நிமிடங்களில்

மின்துடிப்பு நேராகத் தசைநாரை, அதாவது தசையை ஆக்கியிருக்கும் இழையை, இயக்குவதில்லை. தோலின் மேல் ஒட்டும் பட்டைகளுக்கு நடுவே ஓடும் மின்னோட்டம், தசைக்குள் கிளை பிரியும் இயக்க நரம்பைக் கிளப்புகிறது; நரம்பு தசையைச் சுருங்க வைக்கிறது. சுருங்கிய தசையிலிருந்து பொட்டாசியம், அடினோசின், நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாகிளாண்டின் போன்றவை கசிகின்றன. இவை நுண்தமனியைத் தளர்த்துகின்றன. தளர்வு அந்த இடத்தோடு நிற்காமல், குழாய்ச் சுவரின் செல் வழியே மேல்நோக்கிப் பரவி, பெரிய கிளைகளையும் விரிய வைக்கிறது. ஆக, ரத்தத்தைக் கூட்டிவருவது மின்சாரம் இல்லை, சுருக்கம். சுருக்கம் வராத அளவில் வெறும் கூச்ச உணர்வோடு ஓடும் வலி நிவாரண டென்ஸ் கருவி தசைக்குள் ஓட்டத்தைப் பெரிதாக மாற்றாது என்பதற்குக் காரணம் இதுதான்.

பட்டையை எடுத்ததும் தோல் சிவந்திருக்கிறதே என்று கேட்கலாம். அது தோலின் ரத்த ஓட்டம். மின்துடிப்பு தோலின் உணர்வு நரம்பு நுனிகளைத் தீண்டும்போது அவை குழாயை விரிக்கும் பொருள்களை அங்கேயே விடுவிக்கின்றன. தோலின் மேல் வைத்து அளக்கும் லேசர் டாப்ளர் கருவியும் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் நடப்பதையே பெரும்பாலும் காட்டும். தசைக்குள் போவதை அறிய வேண்டுமானால் தொடைத் தமனியை அல்ட்ராசவுண்ட் டாப்ளரில் பார்க்க வேண்டும், அல்லது காலில் காற்றடைத்து இறுக்கும் பட்டை கட்டிச் சிரையை அடைத்துக் கால் எவ்வளவு வேகமாக உப்புகிறது என்று அளக்க வேண்டும். சிவப்பைக் காட்டி விற்பனை செய்வது மிக எளிது என்பதால் இதைச் சொல்லிவைக்கிறோம்.

சுருக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. இறுகிய தசை தன் உள்ளே இருக்கும் குழாய்களைத் தானே நசுக்குகிறது. முழு பலத்தில் பாதிக்கு மேல் இறுகி அப்படியே நின்றால், பல தசைகளில் ரத்தம் உள்ளே போவது ஏறக்குறைய நின்றுவிடும். ரத்தம் பாய்வது தளர்வில். சுருங்கும்போது சிரை ரத்தம் பிழிந்து வெளியேறும், தளரும்போது தமனி ரத்தம் நிரம்பும். ஆகவே தூண்டலில் இடைவெளி என்பது ஓய்வுக்கான சலுகை மட்டுமல்ல, ரத்தம் பாயும் நேரமே அதுதான். 50 ஹெர்ட்ஸில் இடைவெளியே விடாமல் ஓட்டினால் தசை ரத்தமின்றி வேலை செய்து சில நிமிடங்களில் துவண்டுவிடும். ஓட்டத்தைக் கூட்ட எண்ணியவர் அதைத் தடுத்துவிட்டிருப்பார்.

நாமாகத் தசையை அசைக்கும்போது மூளை நார்களை முறை வைத்து மாற்றி மாற்றி இயக்கும். சிறிய, மெதுவான நார்கள் முதலில், பெரியவை தேவைப்பட்டால் மட்டும். மின்பட்டைக்கு அந்த நயம் தெரியாது. பட்டைக்குக் கீழே உள்ள அதே நார்கள் எல்லாம் ஒரே நொடியில், ஒவ்வொரு துடிப்புக்கும் சுருங்கும். அதனால்தான் அதே விசைக்கு மின்தூண்டலில் தசை சீக்கிரம் களைக்கிறது.

முயல்கள் காட்டிய வாரக் கணக்கு

நீண்டநாள் தூண்டலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி முயல், எலிகளின் பின்னங்கால் தசை ஒன்றிலிருந்து வந்தது. முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம், பாதத்தை மேலே தூக்கும் டிபியாலிஸ் ஆன்டீரியர் என்ற தசை. வெண்மையானது, வேகமாகச் சுருங்குவது, சீக்கிரம் களைப்பது. அதற்குப் போகும் பெரோனியல் நரம்பின் அருகே மின்முனை பொருத்தி, நொடிக்கு 10 துடிப்பு வீதம், நாளுக்கு 8 மணி நேரமோ 24 மணி நேரமுமோ, பல வாரம் தூண்டுவார்கள். 8 மணி நேரம் என்றாலே நாளொன்றுக்கு 2,88,000 துடிப்புகள். எந்த முயலும் தானாக ஓடி அந்த அளவை எட்ட முடியாது. பயிற்சியில் எட்டவே முடியாத உச்சத்துக்குத் தசையைக் கொண்டுபோய் அது எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் இந்த முறையின் பயன்.

ஏன் 10? சோலியஸ் போன்ற மெதுவான, நின்று தாங்கும் தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஏறக்குறைய அந்த வேகத்தில்தான் ஓயாமல் துடிக்கின்றன. அதே தாளத்தை வேகத் தசைக்குக் கொடுத்தால் அது மெதுவான தசையாக மாறுமா என்பதுதான் ஆய்வாளர்கள் ஸ்டான்லி சால்மன்ஸும் கெர்ட்டா வ்ர்போவாவும் எழுப்பிய கேள்வி. மாறும் என்று 1969இல் வெளியிட்டார்கள். ரத்தக் குழாய்ப் பக்கத்தைத் துருவியவர் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தின் ஓல்கா ஹூட்லிட்ஸ்கா. 1970களிலிருந்து அவரும் உடன் உழைத்தவர்களும் கண்டதில் கவனிக்க வேண்டியது, மாற்றங்கள் வந்த வரிசை.

முதலில் மாறுவது தந்துகிகள். தமனிக்கும் சிரைக்கும் நடுவே, தசைநாரைச் சுற்றிப் பின்னியிருக்கும் மிக மெல்லிய குழாய்கள் அவை. தூண்டல் தொடங்கிய நான்கைந்து நாளிலேயே எண்ணிக்கை கூடத் தொடங்குகிறது. நான்கு வாரத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆக்சிஜனை எரிக்கும் என்சைம்கள் அதற்குப் பின்னால் வாரக் கணக்கில் ஏறுகின்றன. சுருங்கு புரதமான மயோசின் மெதுவான வகைக்கு முழுமையாக மாற இன்னும் பல வாரம் ஆகிறது. குடியேறுவதற்கு முன்பே தண்ணீர்க் குழாய் போடுவது போல, எரிக்கும் திறன் கூடும் முன்பே ரத்த வழி தயாராகிறது. ஆக்சிஜன் பற்றாக்குறைதான் தந்துகியை முளைக்கவைக்கிறது என்ற எளிய விளக்கம் மட்டும் இந்த வரிசைக்குப் போதவில்லை.

இங்கே எண்ணுவதில் ஒரு பொறி இருக்கிறது. நீண்ட தூண்டலில் தசைநார்கள் மெலிகின்றன. நார் மெலிந்தால், புதிதாக ஒரு தந்துகிகூட முளைக்காமலே ஒரு சதுர மில்லிமீட்டரில் தெரியும் தந்துகிகளின் எண்ணிக்கை கூடிவிடும். அதனால் பரப்புக்கு எத்தனை என்பதோடு, ஒரு நாருக்கு எத்தனை தந்துகி என்பதையும் எண்ண வேண்டும். அந்த விகிதமும் கூடியிருப்பதால்தான் உண்மையிலேயே புதுக் குழாய்கள் முளைத்தன என்று சொல்கிறோம். இந்தத் துறையின் கட்டுரை எதைப் படித்தாலும் எந்த எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

தந்துகியை முளைக்கவைப்பது எது

சுருங்கும் தசையில் இரண்டு இயந்திர விசைகள் தந்துகி மேல் விழுகின்றன. ஓட்டம் கூடியதால் உள்சுவரை ரத்தம் உரசிக்கொண்டு போகும் உரசல் ஒன்று. தசை நீண்டு சுருங்கும்போது வெளியிலிருந்து வரும் இழுவை மற்றொன்று. இவற்றைப் பிரித்துப் பார்க்கக் கண்ட வழி அழகானது. பிராசோசின் என்பது ரத்த அழுத்த மாத்திரை, நுண்தமனிகளை விரிக்கும். அதை எலிகளுக்குப் பல நாள் கொடுத்தால், தசையை எதுவும் செய்யாமலே ஓட்டம் கூடும். தந்துகிகளும் கூடுகின்றன. எப்படி? உள்சுவரிலிருந்து மெல்லிய மடிப்பு எழுந்து குழாயின் நடுவே தடுப்பாகி, ஒரு குழாய் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கிறது. மாறாக, துணைத்தசை ஒன்றை அறுவையில் எடுத்துவிட்டு, மிஞ்சிய தசை நாள் முழுக்க இழுபடும்படி செய்தால், தந்துகிகள் வெளிப்புறமாகத் துளிர்விட்டு வளர்கின்றன. சுற்றியுள்ள அடித்தளப் படலம் அங்கே கரைகிறது.

மின்தூண்டலில் இரண்டும் நடக்கின்றன. உரசல், சுவர் செல்லிலிருந்து நைட்ரிக் ஆக்சைடை வெளியேற்றுகிறது. அதை மருந்தால் தடுத்தால் தந்துகி வளர்ச்சி குன்றுகிறது. குழாய் வளர்ச்சிக் காரணியான வி.இ.ஜி.எஃப். புரதமும் தூண்டலின் ஆரம்ப நாள்களிலேயே கூடுகிறது. தந்துகிக்குப் பின்னால் நுண்தமனிகளும் வளர்கின்றன: ஏற்கெனவே உள்ள தந்துகியின் சுவரில் மென்தசை செல்கள் வந்து போர்த்திக்கொள்ள, அது சிறு தமனியாகிறது.

இரட்டிப்பானால் என்ன லாபம்

ரத்த ஓட்டமும் இரட்டிப்பாகும் என்று நினைப்பது இயல்பு. அப்படி இல்லை. ஓட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நுண்தமனி. தந்துகி அதற்குக் கீழே இருக்கும் பங்கீட்டு வலை. தூண்டிய தசை வேலை செய்யும்போது தூண்டாத தசையைவிட அதிக ஓட்டத்தைத் தாங்குகிறது, களைப்பும் வெகுவாகக் குறைகிறது. ஓய்வில் அளக்கும் ஓட்டத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது. வால்வு மூடியிருக்கும்போது குழாய் எத்தனை இருந்தால் என்ன?

லாபம் இரண்டு இடத்தில். ஒரே அளவு ரத்தம் இரண்டு மடங்கு தந்துகிகளில் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் வேகம் பாதியாகும். சிவப்பணு ஒரு நொடியில் கடந்துபோன இடத்தை இரண்டு நொடியில் கடக்கும். ஆக்சிஜனை இறக்கிவைக்க நேரம் கிடைக்கும். அடுத்தது தூரம். தந்துகி ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி உருளை போன்ற ஒரு பகுதிக்கு ஆக்சிஜன் கொடுக்கிறது என்று பார்ப்பது, 1920இல் நோபல் பரிசு பெற்ற டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் வகுத்த கணக்கு. தந்துகி இரட்டித்தால் அந்த உருளையின் ஆரம் 30 சதவீதம் சுருங்குகிறது. ஊடுருவ ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது பாதியாகிவிடும். ரத்தம் அதிகமாக வராவிட்டாலும் வந்த ரத்தம் முழுதாகப் பயன்படும்.

எவ்வளவு தூண்டினால் போதும்

அதிகம் தூண்டினால் அதிக நன்மை என்பது இங்கே எடுபடாது. முயல் தசையை 10 மாதம் வரை 2.5, 5, 10 ஹெர்ட்ஸில் தூண்டி ஒப்பிட்ட வேலை ஒன்று உண்டு. 10 ஹெர்ட்ஸில் தசை கிட்டத்தட்ட முழுக்க மெதுவான வகையாகி, வேகமும் திறனும் இழந்தது. 2.5 ஹெர்ட்ஸில் அது வேகமான நாராகவே இருந்துகொண்டு ஆக்சிஜனை நன்கு எரிக்கும் வகையாக மாறியது. களைப்பைத் தாங்கும் தசைதான் வேண்டும், வேகம் போகக் கூடாது என்றால் குறைந்த அளவே நல்லது. முதல் சில நாள்களில் திடீரென்று அதிகம் தூண்டினால் சில நார்கள் சிதைந்தும் போகின்றன. 10 ஹெர்ட்ஸில் ஓயாமல் ஓட்டும்போது அது கூடுதல்.

முயலின் 10 ஹெர்ட்ஸை மனிதக் காலில் அப்படியே போடக் கூடாது. முயலின் வேகத் தசை ஒரு துடிப்புக்குச் சுருங்கி, அடுத்த துடிப்பு வரும் 100 மில்லிசெகண்டுக்குள் தளர்ந்துவிடும். மனிதத் தசை மந்தமானது. அதே 10 ஹெர்ட்ஸில் முழுக்கத் தளராமல் நடுங்கிக்கொண்டு பாதி இறுகி நிற்கும். தனித்தனித் துடிப்பாக, நடுவே ரத்தம் பாய இடம் விட்டு ஓட வேண்டுமென்றால் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் பொருத்தம்.

இந்தப் பாடம் அறுவை அரங்கில் கசப்பாகவே கற்கப்பட்டது. 1985இல் பாரிஸில் அறுவை மருத்துவர்கள் அலன் கார்பாந்தியேயும் ஹுவான் கார்லோஸ் சாச்சகேஸும் முதுகின் லாட்டிசிமஸ் டார்சி தசையைப் பெயர்த்து, பலவீனமான இதயத்தைச் சுற்றிப் போர்த்தி, இதயத்தோடு சேர்ந்து துடிக்கும்படி தூண்டினார்கள். களைக்காத தசை வேண்டும் என்பதால் வாரக்கணக்கில் பழக்குவார்கள். சிக்கல் ரத்தத்தில் வந்தது. அந்தத் தசையின் மேல்பகுதிக்கு அக்குள் பக்கத் தமனி. கீழ்ப்பகுதிக்கு விலாவுக்கு நடுவிலிருந்தும் இடுப்புப் பக்கத்திலிருந்தும் வரும் சிறு கிளைகள். பெயர்க்கும்போது அந்தக் கிளைகள் அறுபடும், கீழ்நுனி பட்டினி கிடக்கும். இதயத்தைச் சுற்றிப் போர்த்த வேண்டியதும் அதே நுனிதான். ஆகவே அறுவைக்குப் பின் இரண்டு வாரம் தூண்டாமல் விட்டு, பிறகு ஒற்றைத் துடிப்பில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினார்கள். பெயர்க்கும் முன்பே, இருந்த இடத்திலேயே சில வாரம் தூண்டினால் மேல் தமனியின் கிளைகள் கீழ்ப்பகுதி வரை வளர்ந்து கைகொடுக்கின்றன என்று ஆடுகளில் பின்னர் காட்டினார்கள். அதற்குள் இந்த அறுவையே வழக்கொழியத் தொடங்கிவிட்டது.

மனிதக் காலில், நடைமுறையில்

தொடை முன்தசைக்கு 5×9 செ.மீ. பட்டை இரண்டு: ஒன்று தொடையின் மேல்பகுதியில் சற்று வெளிப்புறமாக, மற்றொன்று முழங்காலுக்கு மேலே உட்புறம் புடைத்திருக்கும் தசை மேல். கெண்டைக்காலுக்கு 5×5 செ.மீ. போதும். துடிப்பு நேர்-எதிர் இரண்டு திசையிலும் சமமாக ஓடும் வகையாக இருக்க வேண்டும். ஒரே திசையில் ஓடினால் பட்டைக்குக் கீழே அமிலமும் காரமும் சேர்ந்து தோல் பொசுங்கும். துடிப்பின் அகலம், அதாவது ஒரு துடிப்பு நீடிக்கும் நேரம், 300 முதல் 400 மைக்ரோசெகண்டு; வேகம் மேலே சொன்ன 4 முதல் 8 ஹெர்ட்ஸ். முதல் நாள் 10 நிமிடம். சுருக்கம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், வலிக்கக் கூடாது. ஒன்றிரண்டு வாரத்தில் 30 நிமிடத்துக்கு ஏற்றி, வாரத்துக்கு 5 நாள், குறைந்தது 6 வாரம். நுண்குழாய் மாற்றம் வேண்டும் என்பவர் மூன்றாம் நாள் பலன் தேடக் கூடாது. விசையும் வேண்டுமென்றால் 35 முதல் 50 ஹெர்ட்ஸ், ஆனால் 5 நொடி ஓட்டம், குறைந்தது அதே அளவு இடைவெளி. இடைவெளியை வெட்டாதீர்கள்.

தசை சுருங்காமல் தோல் மட்டும் சுரீரென்றால், பட்டையின் ஓரம் தூக்கியிருக்கிறது அல்லது ஜெல் காய்ந்துவிட்டது. கருவி நிலையான மின்னோட்டத்தைத் தள்ளுவதால், ஒட்டியிருக்கும் சிறு பரப்பில் எல்லாம் குவிந்து சுடுகிறது. மின்னோட்டத்தைக் கூட்டுவது தீர்வல்ல. தோலைச் சோப்பால் கழுவித் துடைத்துப் புதுப் பட்டை ஒட்டுங்கள். ஒட்டியும் சுருங்கவில்லை என்றால் இடம் தவறு. நரம்பு தசைக்குள் நுழையும் மோட்டார் பாயிண்ட்டைத் தேடி ஒரு விரற்கடை நகர்த்திப் பாருங்கள். கொழுப்பு தடித்த இடத்தில் துடிப்பை அகலமாக்க வேண்டியிருக்கும். தசை ஐந்தாம் நிமிடமே துவண்டால் ஹெர்ட்ஸைக் குறைத்து இடைவெளியைக் கூட்டுங்கள். எப்போதும் ஒரே இடத்தில் ஒட்டினால் மேலாக உள்ள அதே நார்கள் மட்டுமே பழகும், ஆழத்தில் உள்ளவை பழையபடியே இருக்கும். நாளுக்கு நாள் சற்று நகர்த்தி ஒட்டுவது அதற்காக.

மறுநாள் தசை கல்லாக இறுகி வலித்து, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் தசைநார்கள் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகின்றன என்று பொருள். தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் நாளே உச்ச அளவில் ஓட்டியவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் வரும். பேஸ்மேக்கர் உள்ளவர்களும், காலில் ரத்தக்கட்டி இருப்பதாகச் சந்தேகம் உள்ளவர்களும், அந்த இடத்தில் புற்றுக்கட்டி உள்ளவர்களும் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. கழுத்தின் முன்பக்கத்திலும் கர்ப்பிணியின் வயிற்றிலும் பட்டை ஒட்டக் கூடாது. சர்க்கரை நோயால் காலில் உணர்வு மங்கியவருக்குச் சுடுவது தெரியாது, அதனால் புண் ஆன பிறகே தெரியவரும்.

முதுகுத் தண்டு அடிபட்டுக் கால் அசையாதவர்களில் தொடைத் தமனியே சில வாரத்தில் கணிசமாகச் சுருங்கிப்போகிறது. வேலை செய்யாத தசைக்கு அவ்வளவு பெரிய குழாய் தேவையில்லை என்று உடல் கணக்குப் போடுகிறது. மின்தூண்டலால் சைக்கிள் மிதிக்கவைத்தால் சில வாரத்தில் அது ஓரளவு மீண்டும் அகலமாகிறது. ஆனால் நெஞ்சின் ஆறாம் முள்ளெலும்புக்கு மேலே அடிபட்டிருந்தால், தூண்டலே ரத்த அழுத்தத்தைத் திடீரென்று உச்சத்துக்கு ஏற்றிவிடலாம். தலை வெடிப்பது போல வலித்து முகம் வியர்த்தால் உடனே நிறுத்தி உட்காரவைக்க வேண்டும். அடி தண்டில் அல்லாமல், தசைக்குப் போகும் நரம்பே அறுந்திருந்தால் 300 மைக்ரோசெகண்டு துடிப்பு எதையும் அசைக்காது. தசைநாரை நேராகத் தூண்ட அதைவிட நூறு மடங்குக்கும் மேல் நீண்ட துடிப்பு வேண்டும். கடையில் வாங்கும் கருவிகளில் அது இருக்காது.

தூண்டலை நிறுத்தினால் வந்ததெல்லாம் திரும்பிப் போகும். முயல்களில் சில வாரங்களிலேயே என்சைம், மயோசின், தந்துகி எல்லாம் ஒவ்வொன்றாகப் பழைய நிலையை நோக்கி நகர்ந்தன. ஆகவே ஆறு வாரம் ஓட்டிவிட்டுக் கருவியை அலமாரியில் வைப்பவர், அந்தக் குழாய்களை வைத்துக்கொள்ள அதன் பிறகு நடையோ மிதியோ ஏதாவது ஒரு வேலையை அந்தத் தசைக்குக் கொடுத்தாக வேண்டும்.